62.5 கேவிஏ ஜென்செட்: லோடு ஏத்தி 20 நிமிஷத்துல மூச்சு வாங்கி நிக்குது, ஃபில்டர் மாத்தியும் சரியாகலை

கிராமத்து டெக் (கேள்வி):

மெஷின் 62.5 கேவிஏ, 4 சிலிண்டர் டர்போ, இன்லைன் பம்ப் (டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்புற இன்ஜெக்ஷன் பம்ப்), மெக்கானிக்கல் கவர்னர் (இன்ஜின் வேகத்தைச் சீரா வைக்கிறது), 12 வோல்ட் ஸ்டார்ட், ஏஎம்எஃப் பேனல் (லைன் கரண்ட் போனா மெஷினைத் தானா ஸ்டார்ட் பண்றது). ஊருக்கு வெளியே இருக்கிற தண்ணி ஏத்துற நிலையம். லைன் போனா மட்டும் ஓடும், மாசக்கணக்கா சும்மா நிக்கிறதும் உண்டு. டேங்க் பேஸ் ஃபிரேமுக்குள்ளயே இருக்கு.

லோடு இல்லாம எவ்வளவு நேரம் விட்டாலும் 52 ஹெர்ட்ஸ்ல அலுங்காம ஓடுது. 20 ஹெச்பி மோட்டார் ரெண்டையும் ஏத்தினா ஃபேஸுக்கு 55லேர்ந்து 58 ஆம்ப், 50.5 ஹெர்ட்ஸ். முதல் 20 நிமிஷம் ஒரு குறையும் கிடையாது. அதுக்கப்புறம் 49, 48, மறுபடி 50, திரும்ப 47ன்னு ஏறி இறங்க ஆரம்பிச்சு, ரெண்டு மூணு நிமிஷத்துல 'அண்டர் ஃப்ரீக்வென்சி' காட்டி பேனல் நிறுத்திடுது. 10 நிமிஷம் விட்டுட்டு ஹேண்ட் பிரைமரை நாலு அடி அடிச்சா உடனே ஸ்டார்ட். மறுபடியும் அதே 20 நிமிஷம்தான்.

இதுவரை செஞ்சது: டீசல் ஃபில்டர் ரெண்டும் புதுசு, ஏர் ஃபில்டர் புதுசு. வாட்டர் செபரேட்டரைக் கழட்டிக் கழுவினப்ப அரை டம்ளர் தண்ணியும், அடியில ஈரச் செம்மண் மாதிரி கசடும் இருந்தது. டேங்க்ல பாதிக்கு மேல டீசல் இருக்கு. இப்ப பம்ப்பைக் கழட்டி கேலிபரேஷனுக்கு அனுப்பச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கலாம்? ரோடு மோசம், போற ஒரு நடைக்கே எல்லாச் சாமானும் கையில இருக்கணும்.

காப்பர் வாஷர்:

பம்ப்பைத் தொடாதீங்க. எலிமெண்ட் (உள்ள டீசலை அழுத்துற பிளஞ்சர்) தேஞ்ச பம்ப்னா லோடு ஏத்தின முதல் நிமிஷமே இழுக்காது, சூட்டுல ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்கும். இது 20 நிமிஷம் முழு மனசோட இழுத்துட்டு அப்புறம்தான் திணறுது, ஓய்வு கொடுத்தா பழையபடி ஆயிடுது. இதுக்குப் பேர் பட்டினி. டேங்க்ல டீசல் இருக்கு, பம்ப்புக்கு வந்து சேரலை.

அதைக் கேன் வச்சு நிரூபிச்சிடலாம். 20 லிட்டர் சுத்தமான கேன், புது டீசல், 10 மி.மீ. டீசல் ஹோஸ் ரெண்டு துண்டு, கிளிப் நாலு. ஃபீட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலை இழுத்து இன்ஜெக்ஷன் பம்ப்புக்குத் தர்ற சின்ன பம்ப்) இன்லெட்ல டேங்க் ஹோஸைக் கழட்டிட்டு கேன் ஹோஸை மாட்டுங்க. ரிட்டர்னையும் (மிஞ்சின டீசல் டேங்க்குக்குத் திரும்புற ஹோஸ்) கேனுக்கே திருப்பணும். இதைத்தான் நிறைய பேர் மறக்கிறாங்க, பாதியில கேன் காலியாகி ஏர் இழுத்து நின்னதும் 'டெஸ்ட்ல ஃபெயில்'னு முடிவு கட்டிடுவாங்க. கேன் ஃபீட் பம்ப் மட்டத்துக்கு ஒரு முழம் மேல இருக்கட்டும், ஃபேன் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் வேண்டாம்.

58 ஆம்ப்னா சுமார் 41 கேவிஏ. பவர் ஃபேக்டர் 0.8 வச்சா 33 கிலோவாட். யூனிட்டுக்கு 0.27 லிட்டர் கணக்குல மணிக்கு 9 லிட்டர். ஆக 20 லிட்டர் கேன்ல ஒரு மணி நேரம் தாராளமா ஓடும். டீசல் சுத்திச் சுத்தி வர்றதால கேன் சூடேறும், அடிக்கடி தொட்டுப் பாருங்க.

ஒரு மணி நேரம் நிக்காம ஓடிட்டா பம்ப், நாசில், கவர்னர், மெயின் ஃபில்டர் எல்லாம் நிரபராதி. குத்தவாளி டேங்க்குக்கும் ஃபீட் பம்ப் இன்லெட்டுக்கும் நடுவுல. கேன்லயும் 20 நிமிஷத்துல நின்னா ஃபீட் பம்ப் வால்வு, அதோட சின்ன ஸ்ட்ரெய்னர், இன்ஜெக்ஷன் பம்ப்போட ஓவர்ஃப்ளோ வால்வு ஸ்பிரிங், இந்த வரிசையில பாருங்க.

சுவிட்ச் கியர்:

அதே நடையிலேயே எலெக்ட்ரிக்கல் பக்கத்தையும் ஒதுக்கிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஸ்டாப் சொலினாய்டோட (கரண்ட் இருக்கிற வரை பம்ப் லீவரை ரன் நிலையில பிடிச்சிருக்கிற மின்காந்தம்) ஹோல்டிங் காயில் சூடாகி விட்டுக்கொடுத்தாலும் 'கொஞ்ச நேரம் ஓடி நிக்குது, ஆறினா ஸ்டார்ட் ஆகுது'ங்கிற கதைதான் வரும். ஆனா அது சுவிட்சை அணைச்ச மாதிரி சட்டுனு நிக்கும், ஏறி இறங்காது. சந்தேகம் இருந்தா இன்ஜின் திணற ஆரம்பிக்கும்போது சொலினாய்டு டெர்மினல்ல மீட்டர் வைங்க. வோல்ட் முழுசா இருந்து லீவரும் ரன் நிலையிலேயே இருந்தா சொலினாய்டை விட்டுடலாம்.

பேனல்ல ஹெர்ட்ஸையும் வோல்ட்டையும் சேர்த்துப் பாருங்க. ஹெர்ட்ஸ் விழ ஆரம்பிச்சாலும் ஏவிஆர் (வோல்ட்டைச் சீரா வைக்கிற கருவி) கொஞ்ச தூரம் வோல்ட்டைத் தாங்கும். 47 பக்கம் வந்ததும் எக்சைட்டேஷனை (ஆல்டர்னேட்டருக்குக் காந்தம் ஊட்டுற கரண்ட்) காப்பாத்த அதுவே வோல்ட்டையும் இறக்கும். ஹெர்ட்ஸ் முன்னாடியும் வோல்ட் பின்னாடியும் விழுந்தா வியாதி இன்ஜின்ல. ஹெர்ட்ஸ் அசையாம வோல்ட் மட்டும் படுத்தா ஆல்டர்னேட்டர்ல. உங்களோடது முதல் ரகம்னு படுது.

இன்னொண்ணு. ஆட்டோல விட்டுட்டு கையை உள்ள விடாதீங்க. லைன் போன சில நொடியில அது தானா கிராங்க் பண்ணும், நீங்க ஃபேன் பக்கம் குனிஞ்சிருக்கிறது அதுக்குத் தெரியாது. செலக்டர் ஆஃப், எமர்ஜென்சி அமுக்கி, பேட்டரி நெகட்டிவ் கழட்டி, அதுக்கப்புறம் ஸ்பேனர்.

புதுக்கை:

நடுவுல ஒரு சந்தேகம் அண்ணே. 25 கேவிஏ, ஆறு மாசம் சும்மா நின்னது. இன்ஜின் நல்லா ஓடுது, 1500 ஆர்பிஎம் வருது, வோல்ட்டேஜ் மட்டும் வரவே இல்லை. ஏவிஆர் மாத்திடலாமா?

சுவிட்ச் கியர்:

தம்பி, இது வேற விஷயம், சுருக்கமா சொல்றேன். ஓடும்போது ஃபேஸுக்கு ஃபேஸ் அளந்து பாருங்க. ரெண்டு வோல்ட் கூட இல்லைன்னா ரெசிடுவல் காந்தம் (நிறுத்தின பிறகும் இரும்புல மிச்சம் நிக்கிற காந்தம்) போயிருக்க வாய்ப்பு. மெஷினை நிறுத்தி, ஏவிஆர்ல இருந்து எக்சைட்டர் ஃபீல்டு ஒயர் ரெண்டையும் கழட்டி, 12 வோல்ட் பேட்டரியை பிளஸ் மைனஸ் பார்த்துக் கொடுங்க. லோடு பிரேக்கர் ஆஃப்ல இருக்கணும். இப்ப 1500ல ஓட்டினா, மூணு ஃபேஸும் சமமா, ரேட்டட் வோல்ட்டுக்குப் பக்கத்துல வந்தா ஆல்டர்னேட்டர் நல்லது. சமமா வந்தும் ரொம்பக் கம்மின்னா சுத்துற டயோடு. ஃபேஸுக்கு ஃபேஸ் வித்தியாசப்பட்டா மெயின் வைண்டிங். நல்லதுன்னு தெரிஞ்சா ஒயரைப் பழையபடி மாட்டி ஓட்டுங்க, ஏறிய காந்தத்துலயே வோல்ட் பில்டப் ஆகிடலாம். அப்பவும் வரலைன்னா மட்டும் ஏவிஆர் வாங்குங்க. மேல ஏதாவதுன்னா தனியாக் கேளுங்க, இது டீசல் சமாச்சாரம்.

கிராமத்து டெக்:

கேன் வச்சு 70 நிமிஷம், 57 ஆம்ப்ல. 50.4 ஹெர்ட்ஸை விட்டு நகரலை. ரிட்டர்னும் கேனுக்கே போட்டேன். டேங்க் ஹோஸை மாட்டினதும் 22வது நிமிஷம் பழைய கதை. சொலினாய்டுல 13.6 வோல்ட், லீவர் அசையலை. ஹெர்ட்ஸ்தான் முதல்ல விழுது. டேங்க் மூடியைத் திறந்து வச்சும் ஓட்டிப் பார்த்தாச்சு, மாற்றம் இல்லை.

காப்பர் வாஷர்:

மூடியைத் திறந்து பார்த்தது நல்ல காரியம். வெளியில நிக்கிற செட்ல வென்ட் குழாய்க்குள்ள (டேங்க்குக்குக் காத்து போற வழி) குளவி மண் கூடு கட்டிடும். அடைச்சிருந்தா மூடியைத் தளர்த்தும்போதே உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுக்கும். உங்களோடதுல வென்ட் இல்லைன்னு ஆச்சு.

மிச்சம் ரெண்டுதான். ஒண்ணு, ஏர் இழுக்குது. இல்லை, வழி அடைக்குது. ரெண்டையும் பிரிக்க, ஃபீட் பம்ப் இன்லெட்டுக்கு முன்னாடி ஒரு முழம் டீசல் தாங்குற கண்ணாடி ஹோஸும், டீ (மூணு வழி ஜாயிண்ட்) போட்டு ஒரு வேக்கம் கேஜும் மாட்டுங்க. குமிழி ஓடி கேஜ் கம்மியாவே நின்னா எங்கயோ ஏர் இழுக்குது. எலி கடிச்ச ஹோஸ், பழைய காப்பர் வாஷரையே திருப்பிப் போட்ட பேஞ்ஜோ (ஓட்டை போல்ட் வச்ச பைப் ஜாயிண்ட்), செபரேட்டர் ஓ-ரிங், இவங்கதான் வழக்கமான ஆளுங்க. சக்ஷன் பக்கம் ஓட்டை இருந்தா ஓடும்போது டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனால வெளிய துடைச்சுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

குமிழி இல்லாம கேஜ் ஏறிக்கிட்டே போனா அடைப்பு. சுத்தமான லைன்ல 100 மி.மீ. மெர்குரிக்குள்ள இருக்கணும். 200ஐத் தாண்டினா இன்ஜின் டீசலுக்குக் கெஞ்சுதுன்னு அர்த்தம். துல்லியமான எல்லையை இன்ஜின் மேனுவல்ல பார்த்துக்குங்க. வேக்கம் ரொம்ப ஏறினா டீசல்ல கரைஞ்சிருக்கிற காத்தே பொடிக் குமிழியா பிரியும். அதைப் பார்த்து ஏர் லீக்னு ஏமாந்துடாதீங்க, கேஜையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

கேஜ் கிடைக்கலைன்னா ரிட்டர்ன் ஹோஸை ஒரு பாட்டில்ல விட்டுப் பாருங்க. ஓவர்ஃப்ளோ வழியா போறது தேவைக்கு மிஞ்சின டீசல். வரத்து குறையும்போது முதல்ல இதுதான் நூலாகி, சொட்டாகி, நிக்கும். அதுக்கு அப்புறம்தான் ஹெர்ட்ஸ் ஆடும்.

கசிவு தேடுறேன்னு நாசில் பைப் பக்கம் மட்டும் கையால தடவாதீங்க. அந்த அழுத்தத்துல ஊசி மாதிரி தோலுக்குள்ள டீசல் ஏறிடும். ஏறினா வலி இல்லைன்னாலும் நேரா ஆஸ்பத்திரிதான்.

கிராமத்து டெக்:

கேஜ்: ஸ்டார்ட்ல 80. லோடு ஏத்தி 5 நிமிஷத்துல 110, 12ல 170, 18ல 230. 21வது நிமிஷம் 290ஐத் தொட்டப்ப ஹண்டிங் (ஹெர்ட்ஸ் ஏறி இறங்குறது) ஆரம்பம். ரிட்டர்ன் அதுக்கு மூணு நிமிஷம் முன்னாடியே சொட்டாயிடுச்சு. குமிழி கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும், அதுவும் பொடியா. நிறுத்தின கொஞ்ச நேரத்துல கேஜ் தானா பூஜ்யத்துக்கு வந்துடுது.

காப்பர் வாஷர்:

அந்தக் கடைசி வரிதான் விடை. நசுங்கின பைப்போ, உள்பக்கம் உரிஞ்ச ஹோஸோன்னா பெரும்பாலும் லோடு ஏத்தின உடனே கேஜ் ஏறும், 20 நிமிஷம் எடுத்துக்காது. மெல்ல மெல்ல ஏறி, நிறுத்தினதும் விடுதுன்னா, உறிஞ்சும்போது எதுவோ வந்து ஒட்டுது, உறிஞ்சல் நின்னதும் விழுந்துடுது. டேங்க்குக்குள்ள டீசலை உறிஞ்சுற பிக்கப் குழாய் நுனியில வலை இருக்கான்னு பாருங்க. செபரேட்டர்ல தண்ணி இருந்ததுன்னு ஆரம்பத்துலயே சொன்னீங்க. தண்ணியும் டீசலும் சந்திக்கிற கோட்டுல கிருமி வளரும், பாசி மாதிரி கருப்பா வழவழன்னு. அதுதான் வலையில போய் அப்பும். லோடு இல்லாதப்ப இழுப்பு கம்மி, அப்ப அப்பாது.

லோடுபேங்க்:

பிக்கப்பைக் கழட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. குழாய் நுனி டேங்க் அடியிலிருந்து 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், சாய்வாக வெட்டியிருந்தால் நல்லது. வலை பொடிக்கண்ணாக இருந்தால் அதை எடுத்தே விடலாம், வடிகட்டும் வேலையை செபரேட்டர் பார்த்துக்கொள்ளும். வெளியே இருக்கிற செபரேட்டரை ஐந்து நிமிடத்தில் கழுவலாம், டேங்க்குக்குள் இருக்கிற வலை அடைத்தால் யாருக்கும் தெரியாது. ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், நூல் பிரிந்து பம்ப்புக்குள் போகும். இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர் போடுங்கள். டேங்க் உள்புறம் ஜிங்க் பூச்சு இருந்தால் அதுவும் தொல்லை. துத்தநாகம் டீசலுடன் சேர்ந்து சோப்புப் பசை மாதிரி ஒன்றை உண்டாக்கி ஃபில்டரை அடைக்கும்.

கிராமத்து டெக்:

பிக்கப்பைக் கழட்டியாச்சு. நுனியில பித்தளை வலை, கண் தெரியாத அளவுக்குக் கருப்புத் தோல் மாதிரி படலம். விரலால உரிச்சா முழுசா வந்துடுச்சு. டேங்க் அடியில 4 லிட்டர் தண்ணி. டீசலை வெளிய எடுத்து, டேங்க்கைத் துடைச்சு, வலையை எடுத்துட்டு, செபரேட்டர் எலிமெண்ட்டும் புதுசு. இப்ப 58 ஆம்ப்ல 90 நிமிஷம் ஓட்டினேன். கேஜ் 70, அசையவே இல்லை. பம்ப்பைக் கழட்டாம விட்டதுக்கு உங்களுக்குத்தான் நன்றி.

காப்பர் வாஷர்:

நல்லது. வேலை இன்னும் முடியலை. துடைச்ச டேங்க்லயும் கிருமி மிச்சம் இருக்கும். பயோசைடு போடுங்க, டப்பாவுல போட்ட அளவுதான், கண்ணளவு வேண்டாம். செத்த கசடு அடுத்த சில மணி நேர ஓட்டத்துல ஃபில்டருக்கு வரும், அதனால ரெண்டு செட் ஃபில்டர் சைட்லயே வச்சுட்டு வாங்க. மாத்தும்போது புது ஃபில்டர்ல டீசலை நடு ஓட்டையில ஊத்தாதீங்க, அது வடிகட்டின பக்கம். சுத்தி இருக்கிற சின்ன ஓட்டைகள்ல ஊத்துங்க, இல்லை காலியா மாட்டி பிரைமர் அடிங்க. கேஸ்கெட் தொட்டதும் கையால முக்கால் சுத்து போதும்.

டேங்க்கைப் பாதியில நிறுத்தி வைக்காதீங்க. பகல் சூடும் ராத்திரிக் குளிரும் மாறி மாறி வர்றப்ப காலி இடத்துக் காத்துல இருக்கிற ஈரம் சுவர்ல வேர்த்து அடியில சேரும். அந்த 4 லிட்டர்ல கொஞ்சம் அப்படி வந்திருக்கலாம், மீதி மூடி ரப்பர் வழியா மழைத் தண்ணியா இருக்கலாம். ரப்பரையும் மாத்திடுங்க.

லோடுபேங்க்:

மாதாந்திர டெஸ்ட்டை வெறும் ஓட்டமாக வைக்காதீர்கள். இந்த இயந்திரம் லோடு இல்லாமல் எத்தனை மாதம் டெஸ்ட் செய்தாலும் 'நன்று' என்றுதான் எழுதியிருப்பார்கள். ஒரு மோட்டாரையாவது ஏற்றி அரை மணி நேரம் ஓட்டுங்கள். முழு லோடில் 30 சதவீதத்துக்குக் கீழேயே ஓட்டிக்கொண்டிருந்தால் எரியாத டீசல் எக்ஸாஸ்ட்டில் கருப்பாக வடியும். அந்த வேக்கம் கேஜைக் கழட்ட வேண்டாம், அங்கேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். லாக் ஷீட்டில் ஹெர்ட்ஸ், ஆம்ப் பக்கத்தில் அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

கிராமத்து டெக்:

சரி, போட்டுடறேன். வெளிய எடுத்த 90 லிட்டர் பழைய டீசலை என்ன பண்றது? மேலாப்புல தெளிவாத்தான் தெரியுது.

காப்பர் வாஷர்:

தெளிவு கண்ணுக்குத்தான். கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு ஒரு ராத்திரி அசைக்காம வைங்க. அடியில தண்ணிக் கோடோ, இடையில மேகம் மாதிரி படலமோ தெரிஞ்சா இந்த இன்ஜினுக்கு அது திரும்ப வேண்டாம். கழிவு எண்ணெய் எடுக்கிறவங்ககிட்ட கொடுத்துடுங்க. அது தண்ணி ஏத்துற இடம், கிணத்துப் பக்கம் ஒரு சொட்டு கொட்டிடாதீங்க.