கலிங்கா, மதகா? ரெக்டிபையர் பெட்டிக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் இருக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிபையருக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பேச்சு, ‘சீராக்கி’ என்று முடிவாகிவிடும் போலிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. இலங்கையில் சீராக்கி என்றால் ரெக்டிபையர். தமிழ்நாட்டுப் பாடநூலில் அதற்கு அலைதிருத்தி. நம் கையில் இருப்பதோ இரண்டு வேலை பார்க்கும் ஒரே பெட்டி. ஸ்டேட்டரிலிருந்து (என்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள்கள்) மூன்று மஞ்சள் வயரில் வரும் மாறுதிசை மின்னோட்டத்தை அது நேர்திசையாக்க வேண்டும், பேட்டரிக்கு 14.5 வோல்ட்டுக்கு மேல் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வேலையை எப்படிச் செய்கிறது என்பது பெயரில் தெரிய வேண்டும். அது தெரியாமல் இரண்டு ஸ்டேட்டருக்குத் தண்டம் அழுதவன் நான்.

போன வருடம் ராத்திரி, பினாங்குப் பாலத்தின் நடுவில் முன்விளக்கு மங்கி, மோட்டார் இருமி நின்றது. மறுநாள் ஜெலுத்தோங் வீட்டு வாசலில் மீட்டரோடு உட்கார்ந்தேன். பேட்டரியில் 12.1. 5000 சுற்றுக்கு முறுக்கினாலும் அதே 12.1. மஞ்சள் வயர் சாக்கெட்டைப் பிரித்து, ஒரு வயருக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்தால் ‘பீப்’ என்கிறது. அங்கே சத்தமே வரக்கூடாது. எண்ணெயை வடித்து இடது மூடியைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் காந்தம் மூடியை விடாமல் பிடித்து இழுக்கும், விரல் ஜாக்கிரதை. மூடிக்குள் 18 சுருளில் ஏழு கரிக்கட்டை. இங்கே கடைகளில் ஸ்டேட்டரைக் ‘கோயில்’ (coil) என்றுதான் சொல்வார்கள். “கோயில் கருகிப் போச்சு” என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு, எந்தக் கோயில் என்று அம்மா பதறிவிட்டார்.

புது ஸ்டேட்டரும் கேஸ்கெட்டும் போட்டேன். பெட்டியைத் தொடவில்லை. எட்டே மாதம், மறுபடி கரி.

என்னுடையது ஷன்ட் வகைப் பெட்டி. மிச்ச மின்சாரத்தை அது தடுப்பதில்லை. தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சுவிட்ச் வழியாகச் சுருள்களை ஷார்ட் செய்து வழியவிடுகிறது. வேண்டுமோ வேண்டாமோ, ஸ்டேட்டர் எந்நேரமும் முழு வேலை பார்க்கிறது. 1992 முதல் இங்கே மலேசியாவில் மோட்டாருக்குப் பகலிலும் முன்விளக்கு கட்டாயம். அந்தச் சுமையைக் குறைக்கலாமே என்று எல்இடி பல்பு வேறு போட்டிருந்தேன். குறைந்த சுமையெல்லாம் மிச்சமாகிப் பெட்டியின் தலையில்தான் விழுந்தது; தொட முடியாத சூடு. சீரிஸ் வகை அப்படியில்லை. போதுமென்றால் வழியையே அடைத்துவிடும், சுருளுக்கு ஓய்வு.

ஏரியில் இந்த இரண்டும் உண்டே! நிறைந்ததும் நீர் வழிந்தோடும் இடம் கலிங்கு, வேண்டிய அளவுக்குத் திறந்து மூடுவது மதகு. ஷன்ட் வகைக்கு மின்கலிங்கு, சீரிஸ் வகைக்கு மின்மதகு. எப்படி?

இதற்கு ஒரு பெரியவரின் பதில்:

> ஷன்ட் வகைக்கு மின்கலிங்கு

தம்பி, மதகு சரி. கலிங்கு இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? புதுக்கோட்டையிலிருந்து வந்த என் அப்பா வாயில் கேட்டதோடு சரி, எனக்கே மறந்துவிட்டது. வடிகால் என்றால் பிள்ளைகளுக்கும் புரியும். அப்புறம், உங்கள் பெயரில் ரெக்டிபையர் எங்கே? பாதிப் பெட்டியைக் காணோமே.

அவருக்கு என் பதில்:

> வடிகால் என்றால் பிள்ளைகளுக்கும் புரியும்

ஐயா, வடிகால் எப்போதும் திறந்தே கிடக்கும். இந்தப் பெட்டி மட்டம் தாண்டினால்தான் வழியவிடும். அதற்குக் கீழே ஒரு சொட்டும் போகாது. கலிங்கும் அப்படித்தான். தெரியாத சொல் என்பது குறைதான், ஆனால் தவறான படத்தைத் தரும் சொல்லைவிட இது மேல்.

பாதிப் பெட்டி காணாமல் போனது என் பிழை. ‘திருத்திக் கலிங்கு’, ‘திருத்தி மதகு’ என்று வைத்துக்கொள்ளலாமா? கடையில் போய் ரெக்டிபையர் என்றுதான் கேட்பேன், அது வேறு விஷயம்.

சீரிஸ் வகை மாற்றியாயிற்று. பழைய சாக்கெட்டும் பாதி உருகியிருந்ததால் அதையும் வெட்டிப் புதிது போட்டேன். இப்போது 14.2 காட்டுகிறது. ஸ்டேட்டருக்குப் பாடநூலில் ‘நிலையி’ என்று இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம், அம்மாவும் பதற மாட்டார்.