யானைக்குத்தானே அட்டாக் அதிகம், பிறகு ஏன் தோற்கிறேன்?

குரோம்பேட்டை குதிரைக்காரன்:
வணக்கம். ரோம்: டோட்டல் வார் என்கிற கம்ப்யூட்டர் போர் விளையாட்டு, 2004-இல் வந்த பழையதுதான். என் லேப்டாப்பில் சூடாகாமல் ஓடுவது அது ஒன்றுதான். ரோமின் எதிரியான கார்த்தேஜ் நாட்டை எடுத்து ஆடுகிறேன். நேற்று ராத்திரி, சேர்த்து வைத்த காசையெல்லாம் கொட்டி வாங்கிய மூன்று யானைப் படைகளை ரோமானியர் நடுவில் ஏவினேன். முதலில் ஜோராக ஆட்களைத் தூக்கி வீசின. அப்புறம் வேலைட்டிஸ் என்று ஈட்டி எறிகிற பொடியன்கள் வந்தார்கள். யானைகள் திரும்பி என் காலாட்களையே மிதித்துவிட்டன. அட்டாக் எண்ணைப் பார்த்தால் யானைதானே பெரிது? படையின் விவரம் காட்டும் கார்டில் வேறு எதைத்தான் பார்ப்பது?

மாம்பலம் பழசு:
தம்பி, நானும் இதே அடியை 2005-இல் வாங்கியவன். மேற்கு மாம்பலத்தில் ஒரு பிரவுசிங் சென்டர், செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டும், மணிக்கு 20 ரூபாய். யானை மிதித்து முடிப்பதற்கும் நேரம் முடிவதற்கும் சரியாக இருந்தது.

அட்டாக் எண்ணைக் கடைசியில் பாருங்கள். கார்டில் ரைட் கிளிக் செய்தால் கீழே சில வரிகள் வரும்: காட்டில் ஒளியும், பக்கத்தில் உள்ள காலாட்களை மிரட்டும், மதம் பிடிக்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு படை யாரை மிரட்டும், யாரைப் பார்த்து மிரளும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

யானையைக் கொல்ல வேண்டியதே இல்லை, மிரட்டினால் போதும். அதற்கு எறியீட்டிதான் மருந்து. கிமு 202-இல் ஜாமா போரில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபல் 80 யானைகளோடு வந்தார். ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ தன் படை நடுவே சந்து சந்தாக வழி விட்டு, வேலைட்டிஸை முன்னால் நிறுத்தினார். கொம்பு ஊதிய சத்தத்தில் சில யானைகள் மிரண்டு ஹன்னிபலின் குதிரைப்படை மேலேயே பாய்ந்தன. ஆகவே வெட்கப்பட வேண்டாம், உங்களுக்குத் துணை ஹன்னிபல்.

செய்ய வேண்டியது இது: முதலில் குதிரைகளை அனுப்பி அந்த ஈட்டிப் பொடியன்களை விரட்டுங்கள். யானைக்கு நேர் பின்னால் சொந்த ஆட்களை நிறுத்தவே கூடாது. மதம் பிடித்துவிட்டால் யானையைக் கொன்றுவிட ஒரு பட்டன் இருக்கிறது, தயங்காமல் அழுத்துங்கள். அதுவும் கற்பனை இல்லை. கிமு 207-இல் ஹன்னிபலின் தம்பி ஹஸ்த்ருபலின் பாகர்கள் கையில் உளியும் சுத்தியலும் வைத்திருந்தார்கள், மிரண்ட யானையின் பிடரியில் அடித்து இறக்குவதற்கு என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார்.

போயெனி காலாட்படை உங்களிடம் இருக்குமே, அது ஃபேலங்ஸ், அதாவது நீள ஈட்டிகளை முன்னால் நீட்டி நெருக்கமாக நிற்கிற அணி. ரங்கநாதன் தெருவில் நீளமான கர்ட்டன் ராடு வாங்கிக்கொண்டு நடந்து பாருங்கள். நேராகப் போகும்வரை எல்லோரும் ஒதுங்குவார்கள். பின்னாலிருந்து ஒருத்தர் தோளைத் தட்டினால்? திரும்பவே முடியாது. ஃபேலங்ஸ் அதேதான்: ஓடாது, சட்டென்று திரும்பாது, முன்னால் மட்டும் யாரும் நெருங்க முடியாது. இரண்டு பக்கத்துக்கும் ஆள் போட்டுவிட்டு, அதை அசைக்காமல் விடுங்கள்.

குதிரையைப் பற்றி ஒன்றே ஒன்று. தூரத்திலிருந்து பாயும்போதுதான் அதற்கு பலம். மோதிய பிறகு அங்கேயே நின்று வெட்டிக்கொண்டிருந்தால் வீண். இழுங்கள், திரும்பவும் பாய விடுங்கள்.

சும்மா எட்டிப் பார்த்தவன்:
ரோமாக்காரன் இன்னும் தீப்பன்றியை இறக்கவில்லையே, சந்தோஷப்படுங்கள் ப்ரோ. மெகாரா ஊர்க்காரர்கள் மாசிடோனிய யானைகள் மேல் பன்றிகளைக் கொளுத்தி விட்டதாகப் பழைய கிரேக்கக் கதை இருக்கிறது. விளையாட்டில் அதையும் ஒரு படையாகவே வைத்துவிட்டார்கள். யானை அலறி ஓடும். பன்றி எந்தப் பக்கம் ஓடும் என்பது பன்றிக்கே தெரியாது.

குரோம்பேட்டை குதிரைக்காரன்:
அண்ணே, ஜெயித்துவிட்டேன்! குதிரையை முன்னால் விட்டதும் ஈட்டிக்காரர்கள் சிதறிவிட்டார்கள். கடைசியில் ஒரு யானைப் படைக்கு மட்டும் மதம் பிடித்தது. பட்டனை அழுத்த மனசு வரவில்லை. அது நேராக வந்து என் ஜெனரலை மிதித்துவிட்டது.

மாம்பலம் பழசு:
உளி எதற்குக் கொடுத்தேன் தம்பி?