மட்டக்களப்புல ட்ரை ஐஸ் எங்க எடுக்கலாம்? அதோட ஒரு கொஸ்மிக் கதிர் சந்தேகம்

வணக்கம், நான் கல்லடி. தங்கச்சிட மகன் ஏஎல் மெத்ஸ் படிக்கிறான், கொஸ்மிக் கதிர் பாக்கணும் எண்டு பழைய மீன் தொட்டியில கிளவுட் சேம்பர் (கண்ணுக்குத் தெரியாத துகள் போற தடத்த ஆவியில கோடாக் காட்டுற பெட்டி) செய்யத் தொடங்கிட்டான். ஐசோப்ரோப்பைல் அல்ககோல் பாமசியில எடுத்தாச்சு, துணியும் டோர்ச்சும் இருக்கு, ட்ரை ஐஸ்தான் இல்ல. அது உறைஞ்ச காபனீரொட்சைட்டு, மைனஸ் 78 டிகிரி, நான் போய்க் கேட்டா மீனுக்குப் போடுற ஐஸ அள்ளிக் காட்டுறாங்க. கல்முனைப் பக்கமாவது ஆரும் விக்கிறாங்களா? கொழும்புல இருந்து ராவு பஸ்ஸில ரெஜிபோம் பெட்டியில போட்டு எடுத்தா விடியிறதுக்குள்ள ஆவியாப் போயிடாதா?

மறுகா ஒரு சந்தேகம். விண்வெளியில இருந்து வாற கொஸ்மிக் கதிர்ல 90 வீதமளவு புரோத்தன், 9 வீதமளவு ஹீலியம் கரு, மிச்சம் இரும்பு மாதிரிக் கனமான கருக்களும் கொஞ்சம் இலத்திரனும் எண்டு வாசிச்சன். ஆனா அதெல்லாம் மேல காத்துல மோதி உடைஞ்சிரும், நம்மட தொட்டிக்கு வாறது கூடுதலா அந்த மோதலால உண்டாகிற மியூவன் எண்ட சின்னத் துகள்தான், சதுர சென்ரிமீற்றருக்கு நிமிசத்துக்கு ஒண்டு அளவு. ஒரே சக்தியில இரும்பு வந்தா புரோத்தன விட மியூவன் கூட வரும் எண்டு விளங்குது, ஆனா ஒரு தொட்டிய வச்சி அத எப்பிடி எண்ணுற? நீட்டு நேர்கோட்டப் பாத்து எதால வந்த எண்டு சொல்லேலாதுதானே? கட்டைத் தடிச்ச கோடு காத்துல இருக்கிற ரேடன் எண்ட கதிரியக்க வாயுட அல்ஃபா துகள் எண்டு அவன் அடிச்சுச் சொல்றான், அது சரி எண்டுதான் நினைக்கிறன்.

பௌதிகவியல் படிச்ச ஆக்கள் ஆரும் இருந்தா ஒருக்கா கொமெண்டில சொல்லுங்க, அடுத்த கிழமை ஸ்கூல்ல காட்டணுமாம்.