மறு: லயபிலிட்டி ஷிஃப்ட் – பொறுப்பு மாற்றமா, சுமைமாறலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கார்டு மோசடி தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடிப் போன வாரம் தொடங்கிய இந்த இழையின் மடல்களை நேற்று இரவு முதலிலிருந்து ஒருமுறை படித்தேன். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மதுரையில் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். விளக்குத்தூண் பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து, கார்டில் பணம் வாங்குவது பற்றி இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று அச்சடிக்கிறார்கள். மோசடி நடந்தால் அந்த நட்டம் யாரைச் சேரும் என்பதைத் தமிழில் விளங்கும்படி எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே கை நின்றுவிட்டது. நட்டம் யாரைச் சேரும் என்பதைக் குறிக்கும் லயபிலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> பொறுப்பு என்று ஒரு சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? பிளஸ் டூ கணக்குப்பதிவியலிலேயே சொத்துகள், பொறுப்புகள் என்றுதானே படித்தோம்.

நானும் அப்படித்தான் படித்தேன் ஐயா. இருப்புநிலைக் குறிப்பில் அது நிலைத்துவிட்ட சொல். ‘வரையறுக்கப்பட்ட பொறுப்பு’ நிறுவனமும் அப்படியே. இரண்டிலும் கை வைக்க வேண்டாம். ஆனால் கார்டு மோசடியில் இந்தச் சொல் என்ன பாடு படுத்தும் என்பதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

2018-இல் நடந்தது. திருமங்கலத்தில் இருக்கும் என் அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஒரு வியாழக்கிழமை ராத்திரி, அவர் கணக்கிலிருந்து ரூ. 9,500 எடுத்ததாக மெசேஜ் வந்தது. எடுத்த இடம் வேறு ஏதோ ஊர் ஏடிஎம். கார்டு வீட்டில்தான் இருந்தது. ரேஷன் கார்டோடு சேர்த்து மஞ்சள் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்திருப்பார். சிப் இல்லாத பழைய கார்டு, முதுகில் கறுப்புக் காந்தப் பட்டை மட்டும். மறுநாள் காலையில் வங்கி திறந்ததுமே போய்ச் சொல்லியிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்தவர், “கார்டும் பின் நம்பரும் உங்க பொறுப்பும்மா” என்றாராம். அத்தை வீட்டுக்குத் திரும்பிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் போனபோதுதான் பேச்சுவாக்கில் சொன்னார். “ஏன் அத்தை எழுதிக் கொடுக்கலை?” என்றேன். “அவரே எம் பொறுப்புன்னுட்டாரேப்பா, அப்புறம் என்ன எழுதுறது?” என்றார்.

இதில்தான் நான் நிற்கிறேன். கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னது, கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது உங்கள் கடமை என்று. அது சரிதான். அத்தை கேட்டுக்கொண்டதோ, போன பணம் போனதுதான், அது உன் நட்டம் என்று. ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் அவருடைய 9,500 ரூபாய் கிடந்தது.

ரிசர்வ் வங்கி இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் சொன்னது இது. தவறு வங்கியின் பக்கம் என்றால், வாடிக்கையாளர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் ஒரு பைசா இழக்க வேண்டாம். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ என்றால், மெசேஜ் வந்து மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலைநாள் ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் ரூ. 10,000 வரை தாங்க வேண்டும். அதற்கும் மேலே போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. வாடிக்கையாளரே பின் நம்பரை யாரிடமாவது சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது அவருடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது.

அத்தையின் கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். மெசேஜ் வந்த நாள் எண்ணிக்கையில் சேராது. வெள்ளி ஒன்று. அது இரண்டாம் சனிக்கிழமை வந்த வாரம், அதனால் சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, இப்படியே போனால் அடுத்த சனி ஏழு. நான் அவரைக் கூட்டிக்கொண்டு போன திங்கள் எட்டு. இன்னொன்றும் கவனியுங்கள். நான்காவது நாள் போயிருந்தாலும், தவறு மூன்றாம் இடத்தில் என்று வங்கி சொல்லிவிட்டால் பயன் இருந்திருக்காது. வரம்பு 10,000, போனது 9,500. கொஞ்சமாகப் பணம் வைத்திருப்பவருக்கு அந்த வரம்பு வரம்பே இல்லை, முழு நட்டம்தான். ஆக அவருக்கு முதல் மூன்று நாள்தான் எல்லாமே. அந்த மூன்று நாளின் முதல் நாளிலேயே அவர் போய் நின்றிருக்கிறார். ‘பொறுப்பு’ என்ற ஒரு சொல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

பணம் கடைசியில் வந்தது, கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து. கார்டு கையில் இருக்கும்போது வேறு ஊரில் பணம் எடுத்தது எப்படி என்று வங்கிதான் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். வாடிக்கையாளர்தான் காரணம் என்று மெய்ப்பிக்கும் சுமை வங்கியைச் சேர்ந்தது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது.

மெய்ப்பிக்கும் *சுமை*. இந்த இடத்தில்தான் எனக்குச் சொல் தட்டுப்பட்டது.

> இழப்பீட்டுப் பொறுப்பு என்று வைத்தால் குழப்பம் தீருமே?

பாதி தீரும். இழப்பீடு என்றால் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. கார்டுக்காரரே நட்டத்தைத் தாங்கும்போது அவர் யாருக்கு ஈடு கொடுக்கிறார்? யாருக்கும் இல்லை, அவர் பணம் போகிறது, அவ்வளவுதான். அந்த நிலைமைக்கும் சேர்த்துத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

‘கடப்பாடு’ என்று எழுதிய நண்பருக்கும் இதே பதில். கடப்பாடு செய்ய வேண்டியதைச் சொல்கிறது. நடந்து முடிந்த நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதை அது சொல்லாது.

என் முன்மொழிவு இழப்புச்சுமை. வரிச்சுமை, கடன்சுமை, பணிச்சுமை என்று நாளிதழில் தினம் படிக்கிற அச்சில் வார்த்தது. வரிச்சுமை யார் தலையில் என்று கேட்டால் எல்லோருக்கும் புரிகிறது. அதே மாதிரி இந்த மோசடியில் இழப்புச்சுமை யாருக்கு என்று கேட்கலாம். சுமை என்றதும் அதைத் தூக்குகிற ஆள் ஒருவர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறார். பொறுப்பு என்ற சொல்லும் பாரம் தாங்குவதைக் குறிக்கும் ‘பொறு’ என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பாரம் இன்று அந்தச் சொல்லில் யாருக்கும் கனப்பதில்லை. “பொறுப்பான பையன்” என்கிறோம், “பொறுப்பு அதிகாரி” என்கிறோம்.

லயபிலிட்டி ஷிஃப்ட், அதாவது இழப்பு ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்குப் போவது, அதற்கு இழையில் வந்த ‘பொறுப்பு மாற்றம்’ என்ற சொல்லையும் இந்தப் “பொறுப்பு அதிகாரி”யால்தான் நான் மறுக்கிறேன். அரசு அலுவலகம் பக்கம் போய்வருகிற யாரிடமும் அதைச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் மாற்றலாகிப் போகிறார், இன்னொருவர் சாவியை வாங்கிக்கொள்கிறார் என்றுதான் நினைப்பார்.

சரி, லயபிலிட்டி ஷிஃப்ட் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால்தான் சொல் பொருந்துகிறதா என்று தெரியும். கார்டு தேய்க்கும்போது (சிப்பைச் செருகினாலும் மதுரையில் தேய்க்கிறது என்றுதான் சொல்கிறோம், எனக்கு அது பிடித்திருக்கிறது) நான்கு பேர் இருக்கிறார்கள்: கார்டுக்காரர், அவருக்குக் கார்டு கொடுத்த வங்கி, கடைக்காரர், கடைக்காரருக்கு மெஷின் கொடுத்த வங்கி. நடுவில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு. விதி போடுவது அது. கார்டு கொடுத்த வங்கியை அட்டைவங்கி என்றும், மெஷின் கொடுத்த வங்கியைக் கடைவங்கி என்றும் நான் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே நடக்கிறது.

அமெரிக்காவில் போலிக் கார்டைக் கடையில் தேய்த்து நடக்கும் மோசடியின் இழப்பு பொதுவாக அட்டைவங்கியின் தலையில்தான் இருந்தது. 2015 அக்டோபர் 1 முதல் விதி மாறியது. கார்டில் சிப் இருந்து, கடையில் சிப் படிக்கும் மெஷின் இல்லை என்றால் இழப்பு கடைப் பக்கம் போகும். யார் பாதுகாப்பில் பின்தங்கினாரோ அவர் தூக்க வேண்டும் என்பது கணக்கு. பெட்ரோல் பங்குகளில் எந்திரங்களை மாற்றுவது பெரிய வேலை என்பதால் அவற்றுக்கு 2021 ஏப்ரல் வரை தவணை கிடைத்தது. யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சுமை எந்தத் தோளில் உட்காரும் என்பதை மாற்றினார்கள், கடைகள் மெஷினை மாற்ற ஆரம்பித்தன. நம் ஊரில் ரிசர்வ் வங்கி நேராகவே ஆணை போட்டது. காந்தப் பட்டைக் கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டாக மாற்றச் சொன்னது. அத்தைக்கு அது சில மாதம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

> அழகர் பல்லக்கைத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவார்களே, அதைப் போல தோள்மாறல் என்று வைத்தால் என்ன?

அம்மா, இந்த மடலைப் படித்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். மூன்றுமாவடியில் எதிர்சேவை அன்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவர் குனிந்து உள்ளே தோளைக் கொடுப்பார், பழையவர் நழுவி வெளியே வருவார், சட்டையில்லாத தோளில் தண்டு பதிந்த இடம் சிவந்து கிடக்கும். அதற்குள் பல்லக்கு பத்தடி நகர்ந்திருக்கும். சுமை ஒரு நொடியும் தரையில் இறங்காது. இழப்பும் அப்படித்தான், மறையவே மறையாது, ஆள் மட்டும்தான் மாறுகிறார். ஆனாலும் தோள்மாறல் என்று மட்டும் சொன்னால், எதைத் தூக்கினார்கள் என்று புதிதாகப் படிப்பவருக்குத் தெரியாது. அதனால் உங்கள் ‘மாறல்’ என்பதை எடுத்துக்கொண்டு சுமைமாறல் என்கிறேன். முழுமையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் இழப்புச்சுமை மாறல்.

மாற்றம் வேண்டாம், மாறல்தான் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மாற்றம் என்பதில் யாரோ ஒருவர் மாற்றுகிறார் என்ற சாயல் வந்துவிடுகிறது. கடைக்காரர் கேட்பார், “யார் மாத்துனது? நான் கையெழுத்துப் போடலையே?” என்று. இங்கே நிபந்தனை அமைந்தால் சுமை தானாக மாறிவிடுகிறது.

இனி சார்ஜ்பேக், அதாவது கார்டுக்காரர் முறையிட்டதும் கடைக்காரருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது. பணமீட்பு, திரும்பப்பெறல், கட்டணத் திருப்பம் என்று மூன்று வந்திருக்கின்றன. இதற்கு விளக்குத்தூண் பக்கத்தில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடைக்காரரே எனக்குச் சொல் கொடுத்துவிட்டார். இணையத்திலும் விற்கிறார். வெளிநாட்டு முகவரிக்கு ஆறு சேலை, ரூ. 18,400. வெளிநாட்டுக் கார்டு, ஓடிபி எதுவும் கேட்கவில்லை. இந்தியக் கார்டுகளுக்கு இணையத்தில் கூடுதல் சரிபார்ப்பு 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். வெளிநாட்டில் கொடுத்த கார்டை அந்த ஆணை கட்டுப்படுத்தாது. சரிபார்ப்பு நடந்திருந்தால் சுமை அட்டைவங்கிக்கு மாறியிருக்கும், நடக்காததால் கடையிலேயே தங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து, கார்டின் உண்மையான சொந்தக்காரர் ‘நான் வாங்கவே இல்லை’ என்று அவர் வங்கியில் முறையிட்டிருக்கிறார். அன்றைய வரவுப் பட்டியலில் கடைக்காரருக்குக் கழித்தல் குறியோடு ஒரு வரி வந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டி, “சேலையும் போச்சு, காசையும் பிடிச்சுட்டாங்க சார்” என்றார்.

பிடித்துவிட்டார்கள். சம்பளத்தில் பிடித்தம் என்று சொல்வதில்லையா, அதே பிடித்தம். கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிப்பதால் மீள்பிடித்தம். மீள்பார்வை, மீள்பதிவு போல வினைத்தொகை, புணர்ச்சியில் எதுவும் திரியாது. பணமீட்பு என்பது கார்டுக்காரர் பக்கம் நின்று பார்த்த சொல். கடைக்காரருக்கு அது மீட்பு இல்லையே. கடைக்காரரே மனமுவந்து திருப்பித் தருவது வேறு, அதைத் திருப்பித்தரல் என்றே வைப்போம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் கடைக்காரர் ஏமாந்துபோவார்.

ஜீரோ லயபிலிட்டிக்குத் தனிச்சொல் தேடி நேரம் போக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். “வாடிக்கையாளருக்கு இழப்புச்சுமை இல்லை” என்று வாக்கியமாக எழுதினால் போதும். துண்டறிக்கையில் அந்த வரிக்குக் கீழேயே, மூன்று வேலைநாளுக்குள் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள் என்றும், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது, அந்த எண்ணுக்குப் பதிலாக நிற்கும் டோக்கன் என்ற மாற்று அடையாளத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம். இதற்கு வில்லை, குறியீட்டு அடையாளம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அலங்காநல்லூர் மாட்டுக்கும் டோக்கன்தான் கொடுக்கிறார்கள், அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் படி அச்சகத்துக்குப் போகிறது.

அன்புடன்,
மதுரையிலிருந்து