‘கிளவுட் கிரெடிட்’: கடனா, தள்ளுபடியா, வரவா?

வணக்கம்.

அமேசானின் மேகக் கணினிச் சேவையான ஏடபிள்யூஎஸ், தன் ஆக்டிவேட் திட்டத்தில் புத்தொழில் நிறுவனங்களுக்குத் தரும் ‘கிரெடிட்’, அதற்கான விண்ணப்பம் ‘டிக்ளைன்’ ஆவது, இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். உதவிப்பக்கத்துக்கு என் முன்மொழிவு: மேகக் கடன், நிராகரிப்பு.

---

> மேகக் கடன்

கடன் வேண்டவே வேண்டாம். கடன் அட்டையில் வாங்கியதைத் திருப்பிக் கட்டுகிறோம், அங்கே அந்தச் சொல் பொருந்தும். இங்கே யாரும் எதையும் கட்டுவதில்லை. மாதப் பில் 140 டாலர் வந்தால் அந்தத் தொகை கிரெடிட்டிலிருந்து கழியும். கெடு தாண்டினால் மிச்சம் காலாவதி. ரொக்கமாக எடுக்க முடியாது, இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. டொமைன் (இணைய முகவரி) பதிவுக்கும், ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் எனப்படும் முன்பதிவுக் கணினிக்கான முன்பணத்துக்கும் செல்லாது. அதற்கு அட்டையில் பணம் பிடிப்பார்கள். ‘கடன்’ என்று படிக்கிற நிறுவனர் வட்டி எவ்வளவு என்றுதான் கேட்பார். ‘தள்ளுபடி’ எப்படி?

---

கோ-ஆப்டெக்ஸ் புண்ணியத்தில் தள்ளுபடி எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆனால் மனுவும் தள்ளுபடி ஆகுமே! “தள்ளுபடி விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டது” என்று எழுத நேரும். தவிர, தள்ளுபடி விலையில் குறைப்பது. இது கணக்கில் இருப்பாக நின்று கரைவது. ‘மேகக் கழிவு’ என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள், சாக்கடை நினைவு வரும்.

பற்று வரவு ஏட்டில் கிரெடிட்டுக்கு நேர்ச்சொல் ‘வரவு’தான். ‘மேக வரவு’ வானிலை அறிக்கை போல ஒலிக்கிறது. கட்டணத்துக்கு எதிராக வைக்கும் வரவு என்பதால் ‘கட்டண வரவு’ என்கிறேன். வரவு இருப்பு, வரவுக் கெடு என்று கிளைச்சொற்களும் தானே வந்துவிடும்.

---

> நிராகரிப்பு

கதவைச் சாத்துகிற சொல். நடப்பில் பாதிக் காரணங்கள் திருத்தக்கூடியவை. இணையதளம் ‘விரைவில் வருகிறோம்’ என்று மட்டும் காட்டுவது. நிறுவன டொமைன் முகவரி இருக்க ஜிமெயிலில் விண்ணப்பிப்பது. ஏடபிள்யூஎஸ் கணக்கு இலவசத் திட்டத்திலேயே கிடப்பது. கணக்கில் நிறுவனர் பெயரும் படிவத்தில் நிறுவனப் பெயரும் இருப்பது. 12 இலக்கக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் அதே கதி. மறுப்பு மடலில் இவற்றில் எது என்று பெரும்பாலும் இருக்காது. ஆகவே அனுப்பிய படிவத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

ஆக்டிவேட்டில் ஃபவுண்டர்ஸ், போர்ட்ஃபோலியோ என்று இரண்டு தொகுப்புகள். முதலீட்டாளர் இல்லாதவர் ஃபவுண்டர்ஸ் தொகுப்பில் 1,000 டாலருக்கு விண்ணப்பிக்கலாம். அதைவிடப் பெரிய தொகை தரும் போர்ட்ஃபோலியோவுக்கு, திட்டத்தில் இணைந்த இன்குபேட்டரோ (புத்தொழில் வளர்ப்பு மையம்) முதலீட்டாளரோ தரும் தங்கள் அமைப்பின் குறியீடு தேவை. குறியீடு செல்லாததாக இருந்தால் அதைத் தந்தவரிடம்தான் போக வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸிடம் மன்றாடிப் பயனில்லை.

உண்மையான மறுப்பும் உண்டு. அதே நிறுவனம் வேறு கணக்கில் அதே அளவு வரவு ஏற்கெனவே வாங்கியிருந்தால் எத்தனை முறை அனுப்பினாலும் வராது. பெரிய தொகுப்புக்குத் தகுதி வந்தால் மட்டும் கூடுதல் தொகைக்கு இடமுண்டு.

---

அப்படியானால் ஒன்றுக்கு ‘திருப்பி அனுப்பப்பட்டது’, மற்றதற்கு ‘மறுக்கப்பட்டது’ என்று பிரிக்கலாமா? பட்டா மனுக்களில் அந்த வேறுபாடு பழக்கமானது.

---

பிரிக்க முடியாது. திரையில் இருப்பது ஒரே நிலை. நாம் இரண்டாக்கினால் மூலத்தில் இல்லாத தகவலைச் சேர்த்தவர்கள் ஆவோம். நிலைக்கு ‘ஏற்கப்படவில்லை’ போதும், காரணத்தைக் கீழ்வரியில் வைக்கலாம்.

‘மேல்முறையீடு’ என்றும் எழுத வேண்டாம். தீர்ப்பை மாற்ற மேலே ஒரு மன்றம் இருப்பதாகத் தோன்றும். இங்கே குறையைத் திருத்திப் புதிதாக அனுப்புவதுதான் வழி. ‘மறுவிண்ணப்பம்’ மறுப்புக்குப் பக்கத்தில் நின்றால் கண் தடுமாறுகிறது. இலங்கையில் புழங்கும் ‘மீள்’ நல்லது: மீள்விண்ணப்பம்.

---

நன்றி. பக்கத்தில் இப்படிப் போடுகிறேன்: “உங்கள் கட்டண வரவு விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. இணையதளம், மின்னஞ்சல், கணக்கு விவரங்களைச் சரிபார்த்து மீள்விண்ணப்பம் செய்யலாம்.”

‘கட்டணவரவு’ என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? பொத்தானில் இடம் குறைவு.