போட்டோவை ரிலீஃபா (சிஎன்சி மெஷின்ல மரத்துல மேடுபள்ளமா செதுக்குற சிற்பமா) மாத்தும்போது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கிற ஒரு வேலை: உங்க அனுபவத்தைப் போடுங்க

மரத்தூள்:
தேக்குல முகம். 250க்கு 300 மிமீ, ஆழம் 12. "ஹைட்மேப் ரெடி"ன்னு வந்த ஃபைல். (ஹைட்மேப்னா ஒவ்வொரு புள்ளியோட உயரத்தையும் சாம்பல் நிறத்துல சொல்ற படம்.) திறந்தா, ஸ்டுடியோ போட்டோவைக் கருப்பு வெள்ளையாக்கி அனுப்பியிருக்காங்க, அவ்வளவுதான். ஆஸ்பயர்ங்கிற செதுக்கல் மென்பொருள்ல 2டி வியூவில பார்த்தா அழகாத்தான் இருக்கும், ஏன்னா அங்க தெரியுறது போட்டோவேதான். ரஃபிங்கிலயும் (பெரிய பிட்டால முதல்ல மொத்தமா வெட்டுறது) ஒண்ணும் தெரியல. 1 மிமீ டேப்பர் பால்நோஸ் (கூம்பி, முனை உருண்ட பிட்) நெத்தியைத் தாண்டினதும் புருவம் இருக்கவேண்டிய இடத்துல ரெண்டு குழி இறங்குது. இன்னும் கீழே வந்தா கண்மணி ரெண்டும் 11 மிமீ ஓட்டை. மூக்கு நுனியில ஃப்ளாஷ் பட்ட புள்ளி மட்டும் முழு உயரத்துல முள்ளா நிக்குது, பக்கத்துலயே கன்னத்து நிழல் பள்ளம். மென்பொருளுக்கு வெள்ளைன்னா மேடு, கருப்புன்னா பள்ளம். முடியோட நிறமே கருப்புன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஓட்டைக் கண்ணு இன்னும் மறக்கல. உங்களுக்கு எது?

வி_பிட்_60:
நெத்தி. டெப்த் எல்லாம் ஒழுங்கு, மூக்கு மூக்கா இருந்தது. ஆனா ஃபைல் ஜேபெக். நெத்தி முழுக்க, மேப்புல மலைக்குப் போடுற கோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு படி. கன்னத்துல குட்டிக் குட்டிச் சதுரம் வேற. ஜேபெக் 8க்கு 8 பிக்சல் கட்டமா சுருக்கும், அந்தக் கட்டம் அப்படியே மரத்துல இறங்கிடுச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. 8 பிட்ல 256 அளவுதான். 12 மிமீ ஆழத்தை அதுல பிரிச்சா ஒரு படி கிட்டத்தட்ட 0.047 மிமீ. செங்குத்தான இடத்துல இது கண்ணுல படாது. நெத்தி மாதிரி மெதுவா வளையுற இடத்துல ஒவ்வொரு படியும் பல மில்லி அகலத்துக்குப் பரவி நிக்கும், பாலிஷ் போட்டதும் பளிச்சுனு தெரியும். 16 பிட்ல 65,536 அளவு, அங்க இந்தத் தொல்லை இல்லை. 8 பிட் படத்தைச் சும்மா 16 ஆக்கினா மட்டும் படி போகாது. முதல்ல 16 பிட் ஆக்கி, அதுக்கப்புறம் 3 முதல் 5 பிக்சல் பிளர் கொடுத்து, பிஎன்ஜியா சேவ் பண்ணணும். வரிசை மாறினா பிளர் பண்ணதும் திரும்ப 256 படிக்குள்ளதான் உட்காரும். கிம்ப்ங்கிற இலவசப் பட மென்பொருள்ல 2.10லேர்ந்து 16 பிட் வேலை செய்யும், அதுக்கு முந்தினது வேண்டாம்.

சீவல்:
மேல சொன்னதுல ஒரு பொறி இருக்கு. கிம்ப்ல 16 பிட் மாத்தும்போது லீனியரா, பெர்செப்சுவலான்னு (மதிப்பை ஒளியோட அளவுல வைக்கிறதா, கண்ணு பார்க்கிற அளவுல வைக்கிறதான்னு) கேக்கும். லீனியர்ல போட்டு, பிக்சல் மதிப்பை மட்டும் அப்படியே படிக்கிற மென்பொருளுக்குக் கொடுத்தா நடுச்சாம்பல் 50 சதவீதத்துலேர்ந்து 21க்கு இறங்கிடும். கன்னம் ஒட்டிப்போய் மூக்கு மட்டும் துருத்திக்கிட்டு நின்ன ஒரு பீஸ் இதாலதான். பார்க்க டெப்த் கோளாறு மாதிரியே இருக்கும். 10 மிமீ ரிலீஃப்ல 5 மிமீ இருக்கவேண்டிய இடம் 2.1 ஆயிடுச்சுன்னா வேற எங்கயும் தேடாதீங்க.

ஸ்பிண்டில்_காது:
மரத்தூள் அண்ணே, இந்தக் காலத்துல யாரு போட்டோவை நேரா ஏத்துறாங்க? டெப்த் கண்டுபிடிக்கிற ஏஐ மாடல் இலவசமாவே கிடைக்குது. மைடாஸ்ல போட்டா கிட்ட இருக்கிறது வெள்ளை, தூரத்துல இருக்கிறது கருப்புன்னு வந்துடும். சில மாடல் தலைகீழா கொடுக்கும், இன்வர்ட் பண்ணிக்கணும்.

ஆனா அதுலயும் ஒரு முகம் அப்பளமா வந்தது. பின்னால சுவர், முன்னால ஆள். சுவருக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்கிற தூரமே மொத்த சாம்பல் அளவுல பெரும்பகுதியை எடுத்துக்கிட்டா, மூக்குக்கும் காதுக்கும் என்ன மிஞ்சும்? 12 மிமீ ஆழத்துல முகத்துக்குக் கிடைச்சது 2 மிமீதான், மிச்சம் எல்லாம் ஆளைச் சுத்தி நிக்கிற மதில். பின்னணியை மாஸ்க் பண்ணிக் கழிச்சுட்டு, லெவல்ஸ்ல முகத்தோட கருமை, வெண்மை எல்லையை மட்டும் இழுத்துப் பிடிச்சா முகம் 8 மிமீ வரை எழும்பும். தோளை அதே அளவுக்குத் தூக்கவேண்டியதில்லை, தனி லேயர்ல அமுக்கிடலாம்.

ஏஐ டெப்த்ல முடி, துணி மடிப்பு எல்லாம் வழவழன்னு இருக்கும். அசல் போட்டோவுக்கு ஹைபாஸ் ஃபில்டர் (நுண்ணிய இழையை மட்டும் விட்டுவைக்கிறது) 5 முதல் 10 பிக்சல் போட்டு, அதை 10 சதவீதம் அளவுக்கு மேல கலந்தா முடியில இழை தெரியும். 10க்குப் பதிலா 30 போட்டீங்கன்னா திரும்ப புருவக் குழிதான்.

மரத்தூள்:
ஏஐ பத்தி யாரும் கேக்கலையே தம்பி. வந்த ஃபைல் அது. ஆனா ஹைபாஸ் விஷயம் நல்ல விஷயம், எடுத்துக்கிறேன்.

ரெண்டு_நிற_ஷீட்:
ஆளுக்கு வேணும்னு இருந்தது போட்டோதானே? அப்புறம் எதுக்கு ரிலீஃப்? போட்டோ போட்டோவாவே தெரியணும்னா கோடு கார்விங் போடுங்க. ஃபோட்டோவீகார்வ் மென்பொருள் செய்றது அதுதான்: இணைகோடா வி வடிவ பிட் ஓடும், இருட்டான இடத்துல ஆழமா இறங்கி அகலக் கோடு, வெளிச்சத்துல மேலாப்ல மெல்லிய கோடு. அங்க கருப்புன்னா ஆழம்ங்கிறது சரியான விதி.

அதுல இன்னும் உறுத்துறது ஒரு மூலை. 90 டிகிரி பிட், கோட்டுக்குக் கோடு 1.5 மிமீ. அப்படின்னா அதிகபட்ச ஆழம் 0.75 மிமீ, அதுக்கு மேல இறங்கினா பக்கத்துக் கோட்டோட சேர்ந்து நடுவரப்பு காணாமப் போயிடும். மொத்த வேலையும் முக்கால் மில்லிக்குள்ள. ஷீட்டோட ஒரு மூலை அரை மில்லி தூக்கிக்கிட்டு இருந்தது. அந்த மூலையில இருந்த காது கன்னங்கரேல்னு ஒரே கறை, எதிர் மூலையில தோள்பட்டை காணவே காணோம். மரத்துக்கு அடியில போடுற பலகையான ஸ்பாயில்போர்டைச் சீவி மட்டம் பண்ணிட்டு, ரெட்டை ஒட்டு டேப்பை முழுப்பரப்புக்கும் போட்டு அமுக்கணும். ஓரத்துல மட்டும் கிளாம்ப் போட்டா நடுவுல உப்பும். பலகையை மாத்தவே முடியாதுன்னா மெஷினை ஓட்டுற பிசிஎன்சி மென்பொருள்ல ஆட்டோலெவல் இருக்கு, புரோப் வெச்சு மேடுபள்ளம் அளந்து ஜி-கோடை (மெஷினுக்குப் போற கட்டளை வரிகளை) திருத்திக்கும்.

நாலாவது_அச்சு:
எங்க மெஷினைத் திணறவெச்ச வேலை 300க்கு 300 ரிலீஃப். 0.1 மிமீ ஸ்டெப்ஓவர் (கோட்டுக்குக் கோடு இடைவெளி), ஃபீட் (நிமிஷத்துக்கு ஓடுற தூரம்) 2000 மிமீ. மென்பொருள் காட்டின நேரத்துக்கு ரெண்டு மடங்கு ஓடிச்சு, ஓடும்போதே விட்டு விட்டு இருமல். நின்ன இடத்துல எல்லாம் பிட் தேய்ச்சு மரத்துல பழுப்புப் புள்ளி.

இங்க எல்லாரும் படத்தையே பேசுறதால மெஷின் பக்கத்தையும் சொல்லிடறேன். 300 மிமீயை 0.1ஆல வகுத்தா 3000 கோடு. கோட்டுக்கு 300 மிமீ, ஆக 900 மீட்டர். 2000 ஃபீட்ல 450 நிமிஷம், அதாவது ஏழரை மணி. இது காகிதக் கணக்கு. நிஜத்துல மூணு இடத்துல அடிவாங்கும்.

ஒண்ணு இசட், மேல கீழ போற அச்சு. 60 டிகிரி சரிவுல 2000 ஃபீட் வேணும்னா இசட் மட்டும் 1732 ஓடணும். ஜிஆர்பிஎல்ல (மெஷின் கன்ட்ரோலர்ல ஓடுற மென்பொருள்) இசட்டோட உச்ச வேகமான $112 டிஃபால்ட்ல வெறும் 500. அப்போ அந்தச் சரிவுல மொத்த ஃபீடும் 577க்கு மேல போகாது, நீங்க என்ன எழுதினாலும். ரெண்டாவது ஆக்சிலரேஷன். மூணு அச்சுக்குமான $120, $121, $122 டிஃபால்ட்ல 10. ரிலீஃப்ல ஒவ்வொரு மில்லிக்கும் திசை மாறும்போது 10ஐ வெச்சுக்கிட்டு வேகமே பிடிக்காது. மோட்டார் ஸ்டெப் விடாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க, இசட்டை மத்த ரெண்டையும் விடக் கம்மியா வையுங்க.

மூணாவதுதான் அந்த இருமல். டூல்பாத் (பிட் போற பாதை) 0.05 மிமீ துண்டுகளா வந்தா 2000 ஃபீட்ல செகண்டுக்கு 667 வரி போகணும். 115200 பாட்ல (கேபிள்ல தகவல் போற வேகம்) செகண்டுக்கு 11,520 எழுத்து, வரிக்கு 20ன்னு வெச்சாலும் 576 வரிதான் போய்ச் சேரும். பஃபர் காலியாகும், மெஷின் நிக்கும், பிட் மட்டும் சுத்திக்கிட்டே மரத்தைச் சுடும். இதுக்கு ஃபீடைக் கூட்டினா இன்னும் மோசமாகும். டூல்பாத் டாலரன்ஸை 0.01லேர்ந்து 0.03க்கு விடுங்க, போஸ்ட் புராசசர்ல (ஜி-கோடை எழுதித் தர்ற பகுதி) தசமத்தை ரெண்டு இடமா குறைங்க, மாறாத அச்சை வரியில எழுதாம விடச் சொல்லுங்க. பாதி இருமல் அதுலயே போகும்.

ஸ்டெப்ஓவரும் சும்மா 0.1ன்னு போடுறதில்லை. ரெண்டு கோட்டுக்கு நடுவுல மிஞ்சுற வரப்போட உயரம், ஸ்டெப்ஓவரோட வர்க்கத்தை பிட் ஆரத்தோட 8 மடங்கால வகுத்தா வரும். 1 மிமீ முனைக்கு 0.1 போட்டா 0.0025 மிமீ. 3 மிமீ பால்நோஸுக்கு 0.2 போட்டாலே 0.0033. கிட்டத்தட்ட அதே வழவழப்பு, பாதி நேரம். அதனால மொத்தப் பரப்பையும் 3 மிமீல முடிச்சுட்டு, முகத்தைச் சுத்தி ஒரு எல்லைக்கோடு வரைஞ்சு அதுக்குள்ள மட்டும் 1 மிமீ ஓட்டுங்க. கண்ணிமை மடிப்பு அரை மில்லின்னா 1 மிமீ முனையும் அதுக்குள்ள இறங்காது, அங்க 0.5 முனைதான். படத்தையும் 3000 பிக்சலுக்கு மேல ஏத்தவேண்டாம், 300 மிமீக்கு அதுவே 0.1. எஸ்டிஎல்லா (முக்கோணங்களால ஆன 3டி ஃபைல்) மாத்துறவங்களுக்கு ஒரு தகவல்: 3000க்கு 3000 பிக்சல்னா 1 கோடியே 80 லட்சம் முக்கோணம், பைனரியிலயே 900 எம்பி. திறக்கலைன்னு மென்பொருளைத் திட்டாதீங்க.

சீவல்:
நாலாவது, இது அனுபவமா, பாடமா? :) எல்லாம் சரி, ஆனா எந்தத் திசையில ஓட்டணும்னு சொல்லல. மரத்தோட ரேகை போற திசையிலதான் ஓட்டணும். மிஞ்சுற கோடு ரேகையோட சேர்ந்து மறைஞ்சிடும், உப்புத்தாளும் அதே திசையில போகலாம்.

ஸ்பிண்டில்_காது:
எல்லா இடத்துலயும் இல்லை. செங்குத்துச் சரிவுக்கு இணையா பிட் ஓடினா கோடு விலகிடும். 60 டிகிரி சரிவுல 0.2 ஸ்டெப்ஓவர் மரத்து மேல 0.4 ஆயிடும். முகம் ரேகையோட நீளவாக்குல இருந்து பிட்டும் அதே வாக்குல ஓடினா மூக்கோட ரெண்டு பக்கமும் ரம்பப் பல் மாதிரிதான் வரும், அங்க உப்புத்தாள் நுழையவும் நுழையாது.

சீவல்:
அதுக்கு முழு வேலையையும் குறுக்கே ஓட்டி நார் கிளப்பணுமா? மூக்குக்கு மட்டும் எல்லை போட்டு 90 டிகிரியில இன்னொரு பாஸ் விட்டா முடிஞ்சது.

ஸ்பிண்டில்_காது:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

புதுப்பிட்:
குறுக்க புகுந்ததுக்கு மன்னிக்கணும். 6 மிமீ ரஃபிங் முடிஞ்சு பால்நோஸ் மாத்தினா பரப்பு முழுக்க 0.5 மிமீ மேல நிக்குது. பாதி இடத்துல பிட் மரத்தைத் தொடவே இல்லை. ஃபைல் கோளாறா?

நாலாவது_அச்சு:
ஃபைல் இல்லை. ரஃபிங்ல ஃபினிஷிங்குக்குன்னு விட்டுவெச்ச அலவன்ஸ் 0.5 இருக்கும், பாருங்க. பிட் மாத்தினதும் எடுத்த ஜீரோ (உயரத்தை அளக்க ஆரம்பிக்கிற புள்ளி) அசல் மேல்பரப்பை விட உசரமா போயிருக்கும், அதான் பிட் மேலயே ஓடுது. மூலையில 20 மிமீ சதுரம் வெட்டாம விட்டு, ரெண்டு பிட்டுக்கும் அதுலயே டச் பிளேட் (ஜீரோ எடுக்கிற உலோகத் தகடு) வையுங்க. இல்லேன்னா ஆரம்பத்துலயே ஜீரோவை ஸ்பாயில்போர்டுல எடுத்து, மென்பொருள்லயும் இசட் ஜீரோ பலகைக்கு அடியிலன்னு மாத்திடுங்க. பால்நோஸைக் கழட்டாதீங்க, வெட்டாத ஓரம் எங்கயாவது மிச்சம் இருந்தா அங்க ஜீரோ எடுத்து ஃபினிஷிங்கை மட்டும் மறுபடி ஓட்டுங்க.