‘விஷ் யூ வேர் ஹியர்’ இசைத்தட்டுக்கு ஐம்பது ஆண்டுகள்: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

12 செப்டம்பர் 2025, வெள்ளிக்கிழமை

மாமா (லண்டன்), மாலை 6:35
அனைவருக்கும் வணக்கம். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ 1975ஆம் ஆண்டு இதே நாளில் வெளியானது. பேசிக்கொண்டபடி, இந்திய நேரம் இரவு எட்டு மணிக்கு, இங்கே பிற்பகல் மூன்றரைக்கு, அவரவர் வீட்டிலிருந்தே முழு இசைத்தட்டையும் கேட்போம். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. பாடல்களை முன்பின்னாக மாற்றாமல், அவர்கள் அடுக்கிய வரிசையிலேயே கேளுங்கள். இரண்டாவது பாடலோடு முதல் பக்கம் முடிகிறது. அங்கே சற்று நிறுத்திவிட்டு, தட்டைத் திருப்பிப் போடும் நேரம் கழிந்த பிறகு, மூன்றாவது பாடலைத் தொடங்குங்கள்.

சித்தி, மாலை 6:41
பெரியண்ணா, நான் ராக் இசை அதிகம் கேட்டவள் இல்லை. கேட்பதற்கு முன் இதைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மாமா, மாலை 6:58
ஒருவரைப் பற்றித் தெரிந்தால் போதும். சிட் பாரெட் என்பவர்தான் இந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தவர். முதல் இசைத்தட்டின் பெரும்பாலான பாடல்களை எழுதியவரும் அவரே. கேம்பிரிட்ஜில் பிறந்து வளர்ந்தவர். 1967இல் புகழ் வந்த வேகத்திலேயே அவருடைய மனநிலை குலையத் தொடங்கியது. மேடையில் கிட்டாரை வைத்துக்கொண்டு எதுவும் வாசிக்காமல் நிற்கும் அளவுக்கு நிலைமை போனபோது, 1968 தொடக்கத்தில், நண்பர்களே அவரை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர் இடத்துக்கு வந்த டேவிட் கில்மரும் அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1973இல், ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ வெளிவந்து அவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். அந்தப் புகழுக்குப் பிறகு இவர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியாத ஒரு வெறுமை வந்தது. அந்த வெறுமையிலும், சிட்டை இழந்த வருத்தத்திலும், இசைத்தட்டு வணிகத்தின் மீதான கோபத்திலும் பிறந்ததுதான் இன்றைக்கு நாம் கேட்கப் போவது.

அண்ணன், மாலை 7:10
நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பதால் சித்திக்கு இன்னொரு செய்தியையும் சொல்லிவைக்கிறேன். ‘டார்க் சைட்’ முடிந்த கையோடு, வாத்தியங்களே இல்லாமல் வீட்டுப் பொருட்களின் ஒலிகளை மட்டும் வைத்து ஓர் இசைத்தட்டு செய்யப் பார்த்து, அதைப் பாதியில் கைவிட்டார்கள். ஆனால் மதுக் கிண்ணங்களின் விளிம்பை ஈர விரலால் தேய்த்து எடுத்த ஒலியை மட்டும் அவர்கள் தூக்கிப் போடவில்லை. முதல் பாடலின் தொடக்கத்தில் மூடுபனி போலப் பரவும் ஒலிக்கு அடியில் அந்தக் கிண்ணங்களும் கலந்திருக்கின்றன. காதொலிக் கருவி போட்டுக் கேளுங்கள். கைபேசியின் ஒலிபெருக்கியில் அந்த அடுக்கு கேட்காது.

அம்மா, மாலை 7:22
அண்ணா, முதல் பாடல் மட்டும் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் என்று காட்டுகிறதே. சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருகிறேன்.

அத்தை (லண்டன்), மாலை 7:30
அதில் பாட்டுக் குரல் வருவதற்கே எட்டரை நிமிடத்துக்கு மேலாகும். அதுவரை பொறுமையாகக் கேட்பவர்களுக்குத்தான் அந்தக் குரல் ஏன் அங்கே வருகிறது என்பது விளங்கும்.

மாமா, இரவு 8:00
தொடங்குகிறேன்.

நான், இரவு 8:53
முழுவதும் கேட்டுவிட்டேன். முதல் பாடலில் நான்கு நிமிடம் நெருங்கும் நேரத்தில் எல்லா ஒலியும் அடங்கி, கிட்டார் மட்டும் தனியாக நான்கு சுரங்களை வாசித்துவிட்டு நிற்கிறதே, அந்த இடத்தில் நான் கையில் வைத்திருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டேன். இத்தனை சிறிய ஒன்று எப்படி இவ்வளவு கனமாக இருக்கிறது?

அண்ணன், இரவு 9:01
அந்த நான்கு சுரங்களிலிருந்துதான் முழுப் படைப்பும் முளைத்தது. பயிற்சி அறையில் கில்மர் தற்செயலாக வாசித்த அதைக் கேட்டுத்தான் குழுவின் பாடலாசிரியர் ரோஜர் வாட்டர்ஸுக்கு சிட் பாரெட்டின் நினைவு வந்து, ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ என்ற இந்த முதல் பாடல் உருவாயிற்று. கவனித்துப் பார்த்தால், நான்காவது சுரம் வந்து சேரும் இடம் நாம் எதிர்பார்க்கும் இடம் அல்ல. ஜி மைனர் என்னும் மேற்கத்திய சுர வரிசையில் இருக்கும் காது அங்கே ஒரு ஈ சுரத்தைத் தேடாது. அது அப்படியே பதிலில்லாமல் தொங்குகிறது. பிறகு தாளமும் மற்ற வாத்தியங்களும் வந்து அதைத் தாங்கிக்கொள்கின்றன.

சித்தி, இரவு 9:08
இரண்டாவது பாடல் எனக்கு அச்சமாக இருந்தது. ஏதோ ஆலைக்குள் நிற்பது போன்ற துடிப்பு முடிவு வரை ஓயவில்லை. கடைசியில் கதவு திறந்து, ஒரு விருந்தின் சிரிப்பும் பேச்சும் கேட்பது இன்னும் மோசமாக இருந்தது.

மாமா, இரவு 9:17
அந்தத் துடிப்பு விசிஎஸ்3 என்னும் சிந்தசைசரின், அதாவது மின்னணு இசைக்கருவியின், ஒலி. கனவோடு இசைக்கு வரும் ஓர் இளைஞனை வணிக இயந்திரம் எப்படி விழுங்குகிறது என்பதே அந்தப் பாடல். மூன்றாவது பாடல் அதே இயந்திரத்தின் வாயிலிருந்து வரும் இனிய பேச்சு. நிறுவனத்தின் பெரிய மனிதர் சுருட்டை நீட்டி உபசரித்து, உங்களில் பிங்க் என்பவர் யார் என்று கேட்கிறார். குழுவின் பெயரையே அறியாதவர் அவர்களைக் கொண்டாடுகிறார். அதைப் பாடிய குரல் இந்த நால்வரில் எவருடையதும் அல்ல. வாட்டர்ஸின் தொண்டை களைத்திருந்தது; கில்மருக்கு அந்த வரிகளைப் பாட மனமில்லை. அதே ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் இசைத்தட்டுக்காக வந்திருந்த ராய் ஹார்ப்பர் என்ற பாடகரைப் பாட வைத்தார்கள். வாட்டர்ஸ் பிற்காலத்தில் தானே பாடியிருக்கலாம் என்று வருந்தினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியாள் ஒருவர் பாடுவதால்தான் அந்தப் பேச்சில் ஒட்டாத தன்மை வந்திருக்கிறது.

அம்மா, இரவு 9:26
அந்தப் பாடல் முடிவில் திடீரென்று ஒலி சுருங்கிப் போனது. என் கைபேசிதான் கெட்டுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன்.

அண்ணன், இரவு 9:34
வேண்டுமென்றே செய்தது அது, அம்மா. முழுக் குழுவின் ஒலியையும் ஒரு பழைய வானொலிப் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். பிறகு யாரோ குமிழைத் திருப்புகிறார்கள். இடையில் சாய்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்ஃபனி ஒரு கணம் கேட்டு மறைகிறது. அடுத்த நிலையத்தில் பன்னிரண்டு தந்திக் கிட்டார் மெலிந்த ஒலியில் வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஓர் இருமல் இருமிவிட்டுத் தன் கிட்டாரை எடுத்துக் கூடவே வாசிக்கிறார். வானொலிக்குள் இருப்பதும் கில்மர்தான், அறையில் இருப்பதும் கில்மர்தான். முதல் கிட்டாரை மெலிதாகவும், இரண்டாவதைக் காதருகிலும் வைத்த அந்த ஒலிக்கலவை, பாடல் சொல்லப் போவதை ஒரு சொல்லும் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது.

அத்தை, இரவு 9:41
அக்காவுக்குப் பிடித்த செய்தி ஒன்று இருக்கிறது. அதை இவர் சொல்ல மறந்துவிடுவார் என்பதால் நானே சொல்கிறேன். தலைப்புப் பாடலுக்கு ஸ்டெஃபான் கிராப்பெல்லி என்ற பிரெஞ்சு ஜாஸ் கலைஞர் வயலின் வாசித்தார். வெளிவந்த தட்டில் அது கேட்காத அளவுக்கு அமுங்கிப் போனது. 2011இல் வெளியிட்ட சிறப்புப் பதிப்பில்தான் அவர் வாசித்த வடிவம் முழுமையாக வெளிவந்தது.

அம்மா, இரவு 9:47
எல். சுப்பிரமணியத்துடன் சேர்ந்து வாசித்த கிராப்பெல்லியா? 1984இல் இருவரும் ஓர் இசைத்தட்டே வெளியிட்டார்கள். நான் வயலின் பழகிய காலத்தில் அதைத் தேய்த்தெடுத்தேன். அந்த வடிவத்தை உடனே அனுப்புங்கள், அண்ணி.

நான், இரவு 9:52
அட்டைப் படத்தில் எரியும் மனிதர் உண்மையாகவே எரிந்தாரா?

மாமா, இரவு 10:04
உண்மையாகவே எரிந்தார். கணினி ஒட்டுவேலை எதுவும் இல்லாத காலம் அது. கலிஃபோர்னியாவில் பர்பேங்க் நகரிலுள்ள வார்னர் பிரதர்ஸ் படப்பிடிப்பு வளாகத்தில், ரானி ரோண்டெல் என்ற சண்டைக் கலைஞர், தீப்பிடிக்காத உடைக்கு மேல் கோட்டு சூட்டு அணிந்து தீ வைத்துக்கொண்டார். ஒருமுறை காற்று மாறி அடித்ததில் அவருடைய மீசை கருகிவிட்டது. வணிகத்தில் கைகுலுக்கும்போது ஒருவர் சுட்டுக்கொள்வார் என்பதுதான் படத்தின் கருத்து. ரோண்டெல் கடந்த மாதம்தான் தமது 88ஆம் வயதில் காலமானார். இந்த ஐம்பதாம் ஆண்டைப் பார்க்கவில்லை.
இந்தப் படத்தையும் கறுப்பு நெகிழித் தாளில் மூடித்தான் விற்றார்கள். அதன் மேல் இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்ளும் ஒட்டுப்படம் மட்டும் இருந்தது. நான் பழைய கடையில் வாங்கிய தட்டில் அந்தக் கறுப்புத் தாள் இல்லை, யாரோ கிழித்தெறிந்திருக்கிறார்கள். கிழித்தவரைக் குறை சொல்ல முடியாது, கேட்க வேண்டுமானால் கிழித்தாக வேண்டும்.

சித்தி, இரவு 10:11
எரிபவர் நெருப்பு, ஏரியில் தலைகீழாக நிற்பவர் நீர், பறக்கும் சிவப்புத் துணி காற்று, பாலைவனத்தில் முகமில்லாமல் நிற்பவர் நிலம். பஞ்சபூதங்களில் ஆகாயம் மட்டும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

மாமா, இரவு 10:16
நன்றாகப் பார்த்திருக்கிறாய். ஆனால் மேற்கத்திய மரபில் பூதங்கள் நான்குதான். ஓவியர்கள் அந்தக் கணக்கில் செய்தார்கள். இல்லாத ஒன்றை நாம் அங்கே ஏற்றிவிடக் கூடாது.

அண்ணன், இரவு 10:25
மாமா, புதிய பதிப்பை டிசம்பர் 12 அன்று வெளியிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். அதில் ‘ஷைன் ஆன்’ ஒன்பது பகுதிகளும் பிரிக்கப்படாமல் ஒரே பாடலாக வரப்போகிறது. 1974இல் மேடையில் அப்படித்தான் வாசித்தார்கள். அதுதான் அதன் இயல்பான வடிவம் என்பது என் கருத்து. தட்டில் இரண்டாக அறுத்து முதலிலும் கடைசியிலும் வைத்தது பக்கங்களை நிரப்பக் கண்டுபிடித்த ஏற்பாடுதானே?

மாமா, இரவு 10:43
இல்லை, மாப்பிள்ளை. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1974இல் அவர்களிடம் மூன்று நீண்ட பாடல்கள் இருந்தன. மூன்றையும் அப்படியே தட்டில் போட்டுவிடலாம் என்பது கில்மரின் விருப்பம். வாட்டர்ஸ்தான் மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ‘ஷைன் ஆன்’ பாடலை இரண்டாகப் பிரித்து, நடுவில் புதிய பாடல்களை வைக்கச் சொன்னார். ஒதுக்கிய இரண்டும் 1977இல் ‘அனிமல்ஸ்’ தட்டில் வேறு பெயர்களில் வந்தன. பக்கத்தை நிரப்புவது மட்டும் நோக்கமாக இருந்தால் அவை கையிலேயே இருந்தனவே.
சேர்த்துக் கேட்டால் அது ஓர் அழகான இரங்கல், அவ்வளவுதான். பிரித்துக் கேட்டால், முதலில் ஒருவரை நினைத்து வருந்துகிறோம். பிறகு அவரை விழுங்கிய இயந்திரத்தையும், சுருட்டு நீட்டும் கையையும் பார்க்கிறோம். அதன் பின் ஓர் எளிய கிட்டார்ப் பாட்டு. அது முடிகையில் எழும் காற்றொலிக்குள்ளிருந்து பழைய பாடல் திரும்பி வருகிறது. இப்போது யாருக்காக வருந்துகிறோம் என்பதும், வருந்துகிறவர்களும் அதே இயந்திரத்துக்குள்தான் நிற்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கிறது. அதே புதிய பதிப்பில் 1975 ஏப்ரல் லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரியும் வருகிறது; சக்கர நாற்காலியில் கருவியை மறைத்துக் கொண்டுபோய்த் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த மைக் மில்லார்டின் ஒலிநாடா அது. அதில் கேட்டுப் பார், தட்டு வெளிவருவதற்கு ஐந்து மாதம் முன்பே மேடையில் பாடலைப் பிரித்து, நடுவில் அந்தச் சுருட்டுப் பாடலை வைத்துவிட்டார்கள்.

அண்ணன், இரவு 10:52
ஏப்ரல் கச்சேரியைப் பற்றிச் சொன்னது வலுவான வாதம்தான். இருந்தாலும் இருபத்தைந்து நிமிடமும் தொடர்ந்து கேட்ட பிறகே என் முடிவைச் சொல்வேன்.

நான், இரவு 10:58
சிட் பாரெட் இந்தப் பாடலைக் கேட்டாரா, மாமா?

மாமா, இரவு 11:12
கேட்டார். 1975 ஜூன் 5 அன்று, ஆபி ரோட்டில் இதன் ஒலிக்கலவை வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலைமுடியையும் புருவங்களையும் மழித்துக்கொண்ட, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரோ ஊழியர் என்று நினைத்து வெகுநேரம் எவரும் பொருட்படுத்தவில்லை. கூடவே வளர்ந்த நண்பர்களுக்கே அது சிட் என்று அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது வாட்டர்ஸ் அழுதுவிட்டார் என்று குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். யாரும் அழைக்காமல், அவரைப் பற்றிய பாடல் ஓடும் நாளிலேயே அவர் வந்தார் என்பதை நான் எத்தனை முறை படித்தாலும் மனம் ஏற்க மறுக்கிறது. 2006இல் கேம்பிரிட்ஜில் அவர் இறந்தார்.

அத்தை, இரவு 11:18
ரைட்டும் 2008 செப்டம்பர் 15இல் போய்விட்டார். வரும் திங்கட்கிழமை அவருடைய நினைவு நாள். ‘ஷைன் ஆன்’ பாடலின் ஒன்பதாவது பகுதி முழுக்க அவர் அமைத்ததுதான். அன்று மாலை அதை மட்டும் இன்னொரு முறை கேட்கலாமா?

அம்மா, இரவு 11:21
கட்டாயம் கேட்கலாம், அண்ணி. அதற்கு முன் வேறு ஏதாவது கேட்டுவைக்க வேண்டுமா?

மாமா, இரவு 11:29
‘சீ எமிலி ப்ளே’ என்ற பாடலைக் கேட்டுவையுங்கள்; 1967இல் சிட் எழுதிப் பாடிய மூன்று நிமிடப் பாடல்தான். ஒன்பதாவது பகுதியின் கடைசி அரை நிமிடத்தில், எல்லாம் மங்கி மறையும் நேரத்தில், ரைட் தன் சிந்தசைசரில் அந்தப் பாடலின் மெட்டிலிருந்து ஒரு சிறு துண்டை வாசிக்கிறார். ஒலி அளவை நன்றாகக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தவறிவிடும். பாடலின் இணைப்பை நாளைக் காலையில் அனுப்புகிறேன்.